வீட்டுக்குள் இருந்த கடல்

"டீச்சர், இந்த ஒரு வரி மட்டும் மேடைக்கு வரமாட்டேங்கு," என்றார் சந்தியாகு.

சந்தியாகு சரக்குத் தோணிகளை நடத்திச் செல்லும் தண்டலாக இருந்து முப்பது வருடம் கடலோடியவர். அறுபத்து நான்கு வயதில் நாடகம் கற்க வந்து நின்றார். சொல்லிக்கொடுத்த முத்துநகைக்கு அவருடைய மகள் வயதுதான்.

மனைவி செபஸ்தியம்மாள் இறந்தபின் துணிப்பெட்டியின் அடியில் ஒரு நோட்டு கிடைத்திருந்தது. அதில் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு கதை. கடலுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. செபஸ்தியம்மாள் எழுதுவாள் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது.

வருட நினைவு நாளுக்குள் அதை நாடகமாகப் போட்டே தீருவதென்று பிடிவாதம் பிடித்தார். ஒரு சொல் விட்டுப்போனாலும் அவளில் கொஞ்சம் போய்விடும் என்று பயந்தார்.

வராத வரி இதுதான்: 'அந்த எட்டு மாதமும் வீட்டுக்குள் கடல் இருந்தது.'

அதற்காக மனிதர் படாத பாடு பட்டார். நாற்பது முழம் நீலத் துணி வாங்கி, இரண்டு பேரை விட்டு ஆட்டச் சொன்னார். பார்த்தவர்கள் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் என்று கேட்டார்கள். பிறகு ஒருவனை ஓரமாக நிறுத்தி வரியை வாசிக்க வைத்தார். அவன் வாசித்து முடிக்கும்வரை, நடிக்க வந்த ஜெசிந்தா பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்றாள்.

ஒத்திகை நடந்தது ஒரு பழைய உப்புக் கிடங்கில். ஓட்டு இடுக்கு வழியே மதிய வெயில் கோடு கோடாக இறங்கும். வெளிச்சத்தில் உப்புத்தூள் மிதந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்தால், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

முத்துநகை வரியைப் படித்தாள். நோட்டை மூடினாள்.

"அண்ணாச்சி, சட்டையக் கழட்டுங்க."

"என்ன டீச்சர்?"

"உள்ள பனியன் போட்டிருக்கீங்கல்லா. கழட்டித் தாங்க."

வாங்கிய சட்டையை ஜெசிந்தாவிடம் நீட்டி, "மடி," என்றாள்.

ஜெசிந்தா தேய்ப்புக் கடைக்காரர்போல நாலு தட்டில் மடித்து வைத்தாள். சந்தியாகுவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி இல்ல தாயி. கழுத்து வரைக்கும் பொத்தானப் போடணும். ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சு மேல வைக்கணும்."

"கதையில அப்படி இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல."

"அவங்க மடிக்கும்போது பாத்திருக்கீங்களா?"

அவர் யோசித்தார்.

"பாத்ததில்ல. நான் கடல்லலா கெடந்தேன். வந்து பெட்டியத் திறந்தா எல்லாச் சட்டையும் அப்படித்தான் இருக்கும்."

முத்துநகை நோட்டைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஓரமா நின்னு பிராம்ப்ட் பண்ணுங்க. அவ ஒரு வார்த்த விட்டாலும் எடுத்துக் குடுங்க. ஒண்ணும் விடக்கூடாது."

அவருக்கும் அதுதானே வேண்டும். முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

ஜெசிந்தா சட்டையை உதறினாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டாள். கைகளை மடக்கி நெஞ்சின்மேல் வைத்தாள். உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். ஒத்திகைக்கு வைத்திருந்த துணிப்பெட்டியில் வைத்து மூடினாள்.

சற்று நேரம் பெட்டிமேல் கையை வைத்தபடி இருந்தாள்.

பிறகு பெட்டியைத் திறந்தாள். அதே சட்டையை எடுத்து, பொத்தான்களையெல்லாம் கழற்றினாள். உதறினாள். மறுபடி முதலிலிருந்து மடித்தாள்.

மூன்றாம் முறை இன்னும் மெதுவாக.

வெயில் கோடுகள் தரையில் நகர்ந்தன. எங்கிருந்தோ அலை கேட்டது. அது வெளியிலா தன் காதுக்குள்ளா என்று சந்தியாகுவுக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் அவர் இல்லாமல் இருந்த வீட்டுக்குள் இன்றுதான் வந்து நிற்கிறார். உள்ளே அவள் இருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணாச்சி," முத்துநகை மெல்லக் கேட்டாள். "எந்தப் பக்கத்துல இருக்கோம்?"

சந்தியாகு குனிந்து பார்த்தார்.

விரல் முதல் வரியிலேயே இருந்தது.