ஆசிரமத்து ஸ்பீக்கரில் ஓங்காரம்

நாச்சிமுத்து மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்து ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. குரு மயிலாத்தாள் அவரைவிட ரொம்பவே இளையவர். இவர் "அம்மா" என்பார், அவர் "ஐயா" என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் எதுவும் இல்லை.

ஒருநாள் மேடையில் மைக்கைச் செருகும் மிக்ஸருக்கும் பின்னறை ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஓடிய வயரைப் பெருச்சாளி கடித்துவிட்டது.

"கடையில எதுக்குங்கம்மா வாங்கணும்? நானே செஞ்சு தர்றேன்" என்று நாச்சிமுத்து வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்.

அது ஷீல்டு வயர். உள்ளே இரண்டு கம்பிகள். வெளி இரைச்சல் நுழையாமல் இருக்க, அவற்றைச் சுற்றி வலை மாதிரி பின்னிய உறைக்கம்பி. அந்த உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்தோடு ஈயம் வைத்துப் பத்தவைத்திருந்தால் வேலை முடிந்தது. நாச்சிமுத்துவோ ஆயுசு முழுக்க டிரான்ஸ்ஃபார்மரோடு குடித்தனம் நடத்தியவர். எர்த் விஷயத்தில் கஞ்சத்தனம் அவருக்கு ஆகாது. இரண்டு முனையிலும் கெட்டியாகப் பத்தவைத்தார்.

மாலையில் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் "ம்ம்ம்ம்" என்றது. நிற்கவே இல்லை. அவர் அணைக்கப் போனார்.

முன்வரிசையில் ஒருவர் கைகூப்பினார். "ஓங்காரமுங்க!"

சபை கண்ணை மூடியது. மறுவாரம் கூட்டம் இரண்டு மடங்கு. நாச்சிமுத்துவுக்கு 'ஓங்கார ஐயா' என்று பெயரே வந்துவிட்டது. காலில்கூட விழுந்தார்கள்.

ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் அவர் ஒரு முனையின் உறைக்கம்பியைப் பிரித்துப் பார்த்தார். ஓங்காரம் பட்டென்று நின்றது. பதறிப்போய் உடனே திரும்பப் பத்தவைத்தார். கிடைத்த மரியாதையை விட்டுவிட யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் அன்று முதல் சோறு இறங்கவில்லை.

கடைசியில் குருவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். "அது கோளாறுதானுங்கம்மா. ஆனா சனங்களுக்கு நிம்மதி கிடைக்குதே. அறுக்கறதா, விடறதா?"

"சாயங்காலம் முன்வரிசையில உக்காருங்க ஐயா" என்றார் குரு.

சாயங்காலம் மயிலாத்தாள் மேடையில் அமர்ந்தார். ஸ்பீக்கர் "ம்ம்ம்ம்" என்றது. வழக்கமான சாந்தக் குரலில் அவர் தொடங்கினார். அந்த இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக் கேட்டால்தான் வார்த்தை பிடிபட்டது.

"கத்தரிக்காயைக் காம்போட நாலாக் கீறிக்கோங்க. புளியைக் கரைச்சு வைங்க. எண்ணெய் காஞ்சதும் வெந்தயம் போடுங்க, கருக விட்றாதீங்க..."

நாச்சிமுத்துவின் பக்கத்தில் இருந்தவர் மூடிய கண்ணிலிருந்து நீர் வழியத் தலையசைத்தார். குழம்பு கொதித்து இறங்கும் வரை ஒருவரும் கண் திறக்கவில்லை. முடிந்ததும் அந்தப் பக்கத்து ஆள் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என்ன ஆழமுங்க இன்னிக்கு!"

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்தார். சபையைப் பார்த்து நின்றார்.

"அது ஓங்காரம் இல்லீங்க. நான் தப்பாப் பத்தவெச்ச வயரு."

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய், ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒரு முனையின் உறைக்கம்பியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினார். மறுபடி போட்டபோது ஸ்பீக்கர் மூச்சுவிடவில்லை. திரும்பி வந்தவரைச் சபை முறைத்த முறைப்பில் பச்சை மரமே பற்றியிருக்கும்.

மறுநாள் குரு பேசினார். வார்த்தை ஒவ்வொன்றும் மணிமணியாய் விழுந்தது.

"தம்பியோட வாய்க்கால் தகராறு வெச்சிருக்கறவங்க, போய்ப் பேசித் தீர்த்துட்டு வாங்க. மருமகளைப் பட்டினி போட்டுட்டு இங்க விரதம் இருக்காதீங்க. புறம்போக்கை வளைச்சவங்க வேலியைப் பிரிச்சுட்டு வந்து தியானம் பண்ணலாம்."

அதற்கு அடுத்த நாள் பந்தலில் நான்கே பேர். அதில் ஒருவர் சமையல்காரர்.

நாச்சிமுத்து கலங்கிப்போய்க் குருவின் முன் நின்றார். "என்னாலதானுங்கம்மா இப்படி ஆயிருச்சு. கூட்டமே போச்சு. திரும்பப் பத்தவெச்சிரட்டுங்களா?"

"நேத்து நான் பேசினது சரியாக் கேட்டுச்சுங்களா ஐயா?"

"கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சுங்கம்மா."

"அப்புறம் எப்படி வருவாங்க?" என்றார் குரு.