சவரிமுத்துக் காற்றுக்குச் சான்று

பேராசிரியர் அரங்கநாயகத்துக்கு எந்த ஆய்வேட்டிலும் பிடித்தது கடைசியில் வரும் சான்றுப் பட்டியல்தான். அதில் தன் பெயரைத் தேடுவார். மீதியைப் புரட்டுவதே இல்லை. அவரிடம் கடற்கரைக் காற்றுகளை ஆராய்ந்த மாணவி ஜெசிந்தாவின் பட்டியலிலோ, சவரிமுத்துக் காற்றுக்கு 'நேர்காணல்: சூசையம்மாள், மீன் விற்பவர்' என்று இருந்தது. ஐயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"மீன்காரி பேச்செல்லாம் சான்றா? சவரிமுத்துக் காற்றை உலகத்துக்குச் சொன்னவனே நான்தான். நேர்காணலை அடித்துவிட்டு என் நூலைப் போடு. இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அந்தக் காத்துக்கு உங்க நூல் ஒண்ணே போதுங்களா ஐயா?"

"தாராளமாகப் போதும்!"

ஜெசிந்தா அப்படியே போட்டாள்.

பொது வாய்மொழித் தேர்வன்று, வெளியூர்த் தேர்வாளர் ஆய்வேட்டை விரித்து வாசித்தார். "'அந்தியில் கிளம்பும். கதவை இடிக்கும். சட்டி பானையை உடைக்கும். விடிந்ததும் அடங்கிவிடும்.' இப்படி ஒரு காற்றை நான் கேள்விப்பட்டதே இல்லையே! சான்று என்ன?"

"ஐயாவோட நூல்தாங்க. நேர்காணலும் எடுத்திருந்தேன். அது செல்லாதுன்னு ஐயா அடிக்கச் சொல்லிட்டார்."

"யாரிடம் எடுத்தாய்?"

"அந்தக் காத்தோட சம்சாரத்துகிட்டங்க. கடைசி வரிசையில உட்கார்ந்திருக்காங்க."

சூசையம்மாள் எழுந்து கும்பிட்டாள். "சவரிமுத்து எங்க வீட்டுக்காரருங்க. குடிச்சா அப்படித்தான் வருவாரு. யாருக்கும் தெரியாத காத்து ஒண்ணு சொல்லுன்னு இந்த சார் புஸ்தகம் எழுத வந்தன்னைக்கு உசிரை எடுத்தாரு. சொல்லி அனுப்பினேன்."

அரங்கத்தில் சிரிப்பு அடங்கவில்லை. அவள் பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப அவரு குடியை விட்டுட்டாரு சார். புஸ்தகத்துல அதையும் சேர்த்துக்குங்க."