வீல்சேருக்கு ஆள் தேடிய மன்றம்

சட்டுவம்பட்டியில் மூளை இல்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. எல்லாரிடமும் இருந்தது. செலவழித்தால் தீர்ந்துவிடுமோ என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்படிச் சிக்கனமான நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் விடிவெள்ளி நற்பணி மன்றம்.

சவுண்டு சர்வீஸ் பொன்னுரங்கம் தலைவர். தையல்கடை மரியசூசை செயலாளர். பலசரக்குக் கடை தங்கப்பழம் பொருளாளர். மாவு மில் அங்கமுத்து துணைத்தலைவராக இருந்தார். 'இருந்தார்' என்று சொல்ல வேண்டி வந்துவிட்டதே, அதுதான் அவருடைய தீராத துக்கம்.

போன வருஷம் அவர் போனில் ஒரு கைக்குழந்தையின் படம் வந்தது. இருதயத்தில் ஓட்டை, உதவுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. அங்கமுத்துவுக்குக் கண்ணீர் மாலை மாலையாக ஓடியது. உடனே மன்றத்துக் குரூப்பில் போட்டார். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குச் சேர்த்து வைத்ததை எல்லாம் மன்றம் வழித்துத் துடைத்து அனுப்பிவிட்டது. ஊருக்குப் புதிதாக வந்த பேங்க் மேனேஜர் விஷயம் கேள்விப்பட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல இருந்து இந்தப் படம் சுத்துது. இந்தக் குழந்தை இப்ப காலேஜுக்கே போயிருக்கும்!"

"ஐயோ பாவம்," என்றார் மரியசூசை. "அப்ப காலேஜ் பீஸுக்கு யார் யார்கிட்ட கையேந்துதோ!"

மேனேஜர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "இங்க பாருங்க. போன்ல உதவி கேக்கிறவங்களைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. நாலு கேள்வி கேளுங்க. நேர்ல போய்ப் பாருங்க. அப்புறமாக் குடுங்க."

மன்றம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. அங்கமுத்துவைத் துணைத்தலைவர் பதவியிலிருந்து இறக்கி, வெறும் உறுப்பினர் ஆக்கியது. மன்றத்துக்கு இருந்த ஒரே உறுப்பினர் அவர்தான். போர்டில் அவர் பெயர்மேல் கறுப்புப் பெயிண்டு பூசப்பட்டது. போகும்போதும் வரும்போதும் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. வீட்டில் அவர் மனைவி சந்தனமாரி வேறு இடித்துக் காட்டினாள். "முந்தி கல்யாண வீட்டுல துணைத்தலைவர் சம்சாரம்னு முன்வரிசையில உக்கார வைப்பாவ. இப்ப வெங்காயம் உரிக்கக் கூப்பிடுதாவ."

அங்கமுத்து தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். பொன்னுரங்கம் எப்போதும் மைக் முன்னால் நிற்பதாகவே நினைத்துப் பேசுபவர். "அன்பார்ந்த உறுப்பினரே! போன்ல உதவி கேக்கிற கூட்டத்துல நிஜமான ஏழை ஒருத்தனைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வாரும். அடுத்த நிமிஷம் நீர்தான் துணைத்தலைவர்!"

அந்தச் சமயம் பார்த்து மஸ்கட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் மன்றத்துக்கு ஒரு வீல்சேர் வாங்கி அனுப்பினார். நடக்க முடியாத ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் ஊரில் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி நடந்து திரிந்தார்கள். மன்றத்துக்கு அது பெரிய மனக்குறை.

"பொறுமையா இருங்க," என்றார் தங்கப்பழம். "பஸ் ஸ்டாண்டு பள்ளத்தை மூடாம விட்டா, ஆடி முடியறதுக்குள்ள ஒருத்தர் கிடைப்பார்."

ஆடி வரைக்கும் காத்திருக்க அங்கமுத்துவால் முடியுமா? போனைத் தேய் தேய் என்று தேய்த்தார். கிடைத்தது. ஊத்துமேட்டில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் இஸ்ரவேல் என்பவர் எழுதியிருந்தார்: 'என் அப்பாவுக்கு ரெண்டு காலும் வராது. வாசல் வரை வந்து ரோட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார். பழைய வீல்சேர் இருந்தால் தந்து உதவுங்கள்.'

அங்கமுத்துவுக்கு முதலில் போர்டு ஞாபகம் வந்தது, அப்புறம்தான் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது. அதற்காக அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு மன்றத்துக்கு ஓடினார்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது அல்லவா? ஆகவே தங்கப்பழம் கண்ணைக் கொட்டாமல் அந்தச் செய்தியை வாசித்தார். அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர். பாதி வருவதற்குள் கண் சிவந்து, நீர் கொட்டி, மூக்கும் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

"பொருளாளரே அழுதுட்டாரு!" என்று துள்ளினார் அங்கமுத்து. "அவர் அழுது யாராவது பாத்திருக்கீங்களா? இது நிஜம்தான்!"

"பொறும்வே. இன்னும் நாலு கேள்வி இருக்கு," என்றார் தலைவர். ஸ்பீக்கரில் போட்டு இஸ்ரவேலுக்கு அடித்தார்கள். "ஹலோ, யார் பேசுறது?" என்றார் தலைவர்.

"ஒண்ணு," என்று விரலை மடக்கினார் மரியசூசை.

"இஸ்ரவேல் பேசுறேன். சொல்லுங்க."

"நான் சட்டுவம்பட்டி மன்றத் தலைவர் பேசுறேன். நல்லாக் கேக்குதா?"

"ரெண்டு."

"கேக்குது, சொல்லுங்க அண்ணாச்சி."

"சாப்பிட்டாச்சா?" என்று பாசத்தில் குறுக்கே விழுந்தார் அங்கமுத்து.

"மூணு!" என்று மரியசூசை பல்லைக் கடித்தார். எல்லாரும் அங்கமுத்துவை முறைத்தார்கள். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வந்தார். "நீங்க ஏமாத்துக்காரரா?"

"ஐயையோ, இல்லைங்க!"

போனை வைத்துவிட்டு மன்றம் ஆலோசித்தது.

"இல்லைன்னுட்டான். நல்லவன்," என்றார் அங்கமுத்து.

"ஏமாத்துக்காரனும் இல்லைன்னுதானே சொல்லுவான்?" என்றார் தங்கப்பழம்.

"அப்ப ஆமான்னு சொல்லியிருந்தா?"

மரியசூசை மோவாயைத் தடவினார். "ஆமான்னு சொன்னா உண்மையை ஒத்துக்கிடுதான்னு அர்த்தம். உண்மை பேசுறவன் யோக்கியன். யோக்கியனுக்குத் தாராளமாக் குடுக்கலாம்."

"சரியான பேச்சு!" என்றார் தலைவர். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் சேர் அவன் வீட்டுல இருக்கும். கெடுத்துக்கிட்டான்."

அங்கமுத்து நைசாக வெளியே நழுவினார். மில்லுக்குப் பின்னால் மறைந்து நின்று இஸ்ரவேலுக்குத் தனியாக அடித்தார். "அண்ணாச்சி, நான் கேள்வி கேக்கலை, காலைப் பிடிச்சுக் கெஞ்சுதேன். ஏமாத்துக்காரன்தான்னு ஒரே ஒரு தடவை சொல்லிருங்க. உங்க அப்பா ரோட்டைப் பாப்பாரு, என் பேரும் வெளிய வரும்."

இஸ்ரவேல் சொன்னார்: "அண்ணாச்சி, உங்களுக்குச் சந்தேகம்னா நேர்ல வந்து எங்க அப்பாவைப் பாருங்க. சந்தைப் பக்கம் டீக்கடை இருக்கு. வெள்ளிக்கிழமை வாங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை நாலு பேரும் வீல்சேரோடு பஸ் ஏறினார்கள்.

"இது யாருக்கு?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் போறோம்," என்றார் தலைவர். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஊத்துமேட்டுக்குப் பிரியும் விலக்கில் இறங்கிச் சந்தைக்கு நடக்க வேண்டும். உறுப்பினர் என்பதால் அங்கமுத்துதான் சேரைத் தள்ளினார். சேரில் கீறல் விழக் கூடாதே என்று சேரையே பார்த்துக்கொண்டு போனவர், ரோட்டோரப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. அதில் காலை விட்டார். "ஐயோ அம்மா!" என்று உட்கார்ந்தவருக்குக் கணுக்கால் பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டது. ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. பக்கத்திலேயே வீல்சேர் காலியாக நின்றது.

"அதுல உக்கார்ந்துக்கிடட்டுமா?" என்று முனகினார் அங்கமுத்து.

"ஏழைக்கு வந்த பொருள்வே!" என்று தங்கப்பழம் சீறினார். "நடக்க முடியாதவன் உக்கார வேண்டிய சேர்ல நீர் உக்காரலாமா? அடுக்குமா?"

தப்புத்தான் என்று அங்கமுத்துவும் ஒத்துக்கொண்டார். தலைவர் கக்கத்தைப் பிடிக்க, செயலாளர் காலைப் பிடிக்க, இரண்டு பேரும் அவரைத் தூக்கிச் சுமந்தார்கள். பின்னால் பொருளாளர் காலி வீல்சேரை அலுங்காமல் தள்ளிக்கொண்டு வந்தார். எதிரே வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வேர்த்து விறுவிறுத்துப்போன மரியசூசைக்கு ஒரு யோசனை உதித்தது. "அண்ணாச்சி, அவரா உக்கார்ந்தாத்தானே தப்பு? நாம தூக்கி வச்சா அது லக்கேஜ்தானே?" தங்கப்பழம் யோசித்துப் பார்த்துவிட்டு, லக்கேஜ் என்றால் ஆட்சேபணை இல்லை என்றார். அங்கமுத்துவைத் தூக்கிச் சேரில் வைத்தார்கள். வெயில் படாமல் தலையில் துண்டைப் போட்டார்கள். உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே வரக் கூடாது என்று அவரை எச்சரித்தார்கள்.

சந்தைக்குள் நுழைந்ததும் ஒரு பெண்மணி வழிமறித்தார். தோளில் கைப்பை, கையில் போன், கண்ணில் கருணை.

"ஐயோ பாவமே! நடக்கவே முடியாதாண்ணே?"

"முடியலையே தாயி," என்றார் அங்கமுத்து. அவர் பொய் சொல்லி அறியாதவர்.

அந்தம்மா பெருமூச்சு விட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு பேரும் டீக்கடையில் இஸ்ரவேலுக்காகக் காத்திருந்தார்கள். டீ வருவதற்குள் மன்றத்துக் குரூப்புக்கு ஒரு படம் வந்துவிட்டது. துண்டு போட்ட ஒரு மனிதர் வீல்சேரில் இருந்தார். சுற்றிலும் மூன்று பேர் முதுகைக் காட்டி நின்றார்கள். 'ஊத்துமேடு சந்தையில் கண்ட காட்சி. நடக்க முடியாத நண்பரை மூன்று ஏழைகள் தள்ளிக்கொண்டு அலைகிறார்கள். உதவுங்கள். பகிருங்கள்.'

மரியசூசை உருகிப்போனார். "அந்த மூணு பேரையும் பாருங்க! என்ன சிநேகிதம்! நாமளும் இருக்கோமே!"

"எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றார் தங்கப்பழம். "அவன்தான் ஏற்கெனவே சேர்ல உக்கார்ந்திருக்கானே? சேர் வச்சிருக்கிறவனுக்கு எதுக்கு உதவி? பக்கா ஏமாத்துக்காரன்."

அங்கமுத்து போனை வாங்கிப் பார்த்தார். "அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி! அந்த முகத்தைப் பாருங்க. அதைப் பாக்கப் பாக்க எனக்கே கால் வலி கூடுது. இவர் நிஜமான ஏழை. என் பதவிமேல சத்தியம்."

"பதவிதான் உமக்கு இல்லையே."

"வந்ததும் அதுமேல சத்தியம்!"

"நேர்ல பாக்காம எதையும் சொல்லக் கூடாது," என்று தீர்ப்பளித்தார் தலைவர். "ஆள் இதே சந்தையிலதான் இருக்கான். தேடுங்க!"

அங்கமுத்துவைத் தள்ளிக்கொண்டு சந்தை முழுக்கத் தேடினார்கள். கருவாட்டுக் கடையில் கேட்டார்கள், வளையல் கடையில் கேட்டார்கள். போனை நீட்டி, "இந்த ஆளைப் பாத்தீங்களா?" என்று அங்கமுத்துவே கேட்டார். எல்லாரும் போனைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பேசாமல் நகர்ந்து போனார்கள்.

"இந்த ஊர்க்காரங்க எதையோ மறைக்காங்க," என்றார் மரியசூசை.

அந்த நேரத்தில் இஸ்ரவேல் வந்து சேர்ந்தார். அவரிடமும் போனை நீட்டினார்கள். "அண்ணாச்சி, இது இந்தச் சேர்ல இருக்காரே, இவருதானே?" என்றார் அவர்.

மன்றம் ஆடிப்போய்விட்டது. துண்டை ஒப்பிட்டார்கள். துண்டு அதே துண்டு. வீக்கத்தை ஒப்பிட்டார்கள். வீக்கமும் அதுவேதான்.

"ஏன்வே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் தலைவர்.

"எனக்கே இப்பத்தானே அண்ணாச்சி தெரியும்!" அங்கமுத்துவுக்கு ஆனந்தக் கண்ணீர் முட்டியது. "பாத்தீங்களா? நேர்ல பாத்தாச்சு. நடக்க முடியாது. நிஜமான ஏழை. கண்டுபிடிச்சது நான்!"

பொன்னுரங்கம் சந்தை நடுவில் நின்று, மைக் இல்லாமலே, அங்கமுத்துவுக்கு வீல்சேரும் துணைத்தலைவர் பதவியும் வழங்கப்படுவதாக அறிவித்தார். கருவாட்டுக் கடைக்காரர் கை தட்டினார்.

"நில்லுங்க!" என்றார் தங்கப்பழம். "மன்றத்துப் பதவியில இருக்கிறவன் மன்றத்து உதவியை வாங்கக் கூடாது. அது நம்ம விதி. ஒண்ணு சேர், இல்லைன்னா பதவி."

அங்கமுத்து வீங்கிய காலைப் பார்த்தார். சந்தனமாரி வெங்காயம் உரிப்பதை நினைத்துப் பார்த்தார். "கால் ரெண்டு நாள்ல வடியும். பேர் போனா வருமா?" என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் காலில் எழுந்து நின்றார்.

"அப்ப சேர்..." என்று இழுத்தார் இஸ்ரவேல்.

"உங்களை நாங்க இன்னும் நம்பலை," என்றார் தலைவர் கறாராக. "ஆனா இதைத் திருப்பிக் கொண்டுபோக லக்கேஜ் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. எடுத்துட்டுப் போங்க."

அன்று சாயங்காலமே இஸ்ரவேலின் அப்பா வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகிற வருகிற லாரிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். அதை நேரில் பார்க்க மன்றத்துக்கு நேரமில்லை. துணைத்தலைவரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் எதிர் சீட்டில் மடியில் பலாப்பழத்தோடு ஒருவர் இருந்தார். போனைத் திருப்பிக் காட்டினார். "இதைப் பாத்தீங்களா? பாவம், இவருக்கு ஏதாவது அனுப்பலாம்னு இருக்கேன்."

அங்கமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது அவர் பொறுப்பில் இருப்பவர். "அவசரப்படாதீங்க. இந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியும். மத்தியானம் இவன்கிட்ட ஒரு வீல்சேர் இருந்துச்சு. இப்ப இல்லை."

"என்ன பண்ணினான்?"

"வேற ஒருத்தன்கிட்ட தள்ளிவிட்டுட்டான்."

"கால்?"

"அதுவும் ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"அட மோசக்காரப் பாவி!" என்று கொதித்தார் பலாப்பழக்காரர். "இவனை மாதிரி ஆளுகளாலதான் நிஜமான ஏழைக்குக் கிடைக்காமப் போகுது. உங்களை மாதிரிப் பெரிய மனுஷங்க பிடிச்சுப் போலீஸ்ல குடுக்கணும்."

"என் முதல் வேலையே அதுதான்," என்றார் துணைத்தலைவர். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலையில் ஏட்டையா ஸ்டேஷனுக்கு வந்தபோது, வாசல்படியில் அங்கமுத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை இடது மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. ஆள் தப்பிவிடாதபடி மூன்று பக்கமும் மூன்று பேர் காவல் நின்றார்கள்.

"சீக்கிரம் வந்து விலங்கைப் போடுங்க ஐயா," என்று மூச்சு வாங்கினார் அங்கமுத்து. "எனக்குக் கை ஓஞ்சு போச்சு. எப்ப அசருவேன்னு பாத்துக்கிட்டே இருக்கான் பய!"