சதை போன இடம்

மலைமேல் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய ஒரே ஒரு டாக்டர்தான். பெயர் ஜமீலா. வயது முப்பத்தொன்பது. அவரிடம் வேலை கற்க வந்த மாணவருக்கு வயது ஐம்பத்துநான்கு.

மாணவர் பெயர் தேவசகாயம். இருபத்தைந்து வருஷம் சமவெளியில் கிளினிக் வைத்துக் காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து கொடுத்தவர். ஒருநாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மலையேறி வந்தார்.

"ஆபரேஷன் ஆனவங்களைப் பார்த்துக்கறது எப்படின்னு கத்துக்கணும்" என்றார்.

ஏன் என்று ஜமீலா கேட்கவில்லை. குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை ஒன்றைக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் ராமையாவைக் கொண்டுவந்தார்கள். எஸ்டேட்டில் தேயிலை மூட்டை தூக்குகிறவர். காட்டு மாடு வயிற்றில் குத்தியிருந்தது. ஜமீலா நான்கு மணி நேரம் நின்று, கிழிந்த குடலை வெட்டியெடுத்து நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்தார். மண் பட்ட காயம் என்பதால் மேல்தோலைத் தைக்காமல் கட்டு மட்டும் போட்டார்.

கொண்டுவந்தவர்கள் அதே ஜீப்பில் திரும்பிப் போய்விட்டார்கள். கேஸ் ஷீட்டில் உறவினர் பெயர் எழுதும் இடத்தில் நர்ஸ் ஒரு கோடு போட்டார்.

முதல் நாள் ராமையா சில்லிட்டுக் கிடந்தார். நாடி மெலிந்திருந்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

"ஏதாவது செய்யணும் டாக்டர்" என்றார் தேவசகாயம்.

"செஞ்சுட்டுத்தானே இருக்கோம். சலைன் போகுது. இன்னொரு கம்பளி போடுங்க."

"சாப்பாடு ஆரம்பிக்கலாமா?"

"இன்னிக்கு வேண்டாம். உடம்பு எல்லாக் கதவையும் சாத்திட்டு உயிரை மட்டும் பார்த்துட்டிருக்கு. பக்கத்துல இருங்க, போதும்."

மூன்றாம் நாள் உடம்பு சூடேறியது. நாடி நூற்றுப்பத்து. ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று முப்பது.

"இவருக்குச் சர்க்கரை நோய் கிடையாதே?"

"கிடையாது."

"வாயில ஒரு வாய் போகலை. அப்புறம் சர்க்கரை எங்கேயிருந்து வருது?"

"அவர் உடம்பே செய்யுது."

"எதை வெச்சு?"

ஜமீலா கேஸ் ஷீட்டை எடுத்தார். கொஞ்சம் இன்சுலின் எழுதினார். மூக்குக் குழாய் வழியாகச் சத்து மாவுக் கரைசல், மணிக்கு அறுபது மில்லி என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ராமையா இளைக்கத் தொடங்கினார். மூட்டை தூக்கிய தோள் இரண்டும் எலும்பாகத் துருத்தின. தேவசகாயம் தினமும் காலையில் ஒரு டேப்பை எடுத்து அவருடைய தொடையை அளந்தார். அளவை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் குழாய்க் கரைசலை அறுபது மில்லியிலிருந்து நூறாக்கினார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை ராமையா வாந்தி எடுத்தார். மூச்சு திணறியது. நர்ஸும் தேவசகாயமும் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொண்டையில் இருந்ததை உறிஞ்சி எடுத்தார்கள். நுரையீரலுக்குள் போகவில்லை. போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார்.

"அளவை யார் கூட்டினது?" என்று கேட்டார் ஜமீலா.

"நான்தான்."

"ஏன் சார்?"

தேவசகாயம் கைகளைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் தண்ணீர்க் குழாயை மூடவில்லை.

"என் மனைவி எஸ்தருக்குக் குடல்ல ஆபரேஷன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை நானே ஊட்டினேன். கஞ்சி, பால், முட்டை. மறுக்காம சாப்பிட்டா. ஆனா நாளுக்கு நாள் கரைஞ்சா. நாலாவது வாரம் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைச்சிடுச்சு."

ஜமீலா துண்டை எடுத்து நீட்டினார்.

"பெட்டியில வெச்சப்போ முப்பத்துநாலு கிலோகூட இருந்திருக்க மாட்டா. டாக்டர் வீட்டிலயே பட்டினி போட்டிருக்கான் பாருன்னு அவ அண்ணன் சொன்னார். கல்லறையில, எல்லார் முன்னாடியும். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை."

ஜமீலா குழாயை மூடினார். கையுறை மாட்டிக்கொண்டு ராமையாவின் வயிற்றுக் கட்டை மெதுவாகப் பிரித்தார்.

"பாருங்க. இது என்ன?"

காயத்தின் அடியிலிருந்து மாதுளை முத்துபோலச் சிவப்பாகச் சதை எழும்பியிருந்தது.

"புதுச் சதை."

"பத்து நாள் முன்னாடி இங்க என்ன இருந்தது?"

"ஒண்ணுமில்லை. பள்ளம்."

"எங்கேயிருந்து வந்தது?"

தேவசகாயம் காயத்தைப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கித் தொடையைப் பார்த்தார்.

"இங்கேயிருந்தா?"

"அங்கேயிருந்து, தோள்ல இருந்து. சதையைக் கரைச்சு, கொஞ்சத்தைச் சர்க்கரையாக்கி எரிக்குது. மிச்சத்தைக் காயத்துக்குக் கொண்டுவருது."

"அப்ப நான் ஊட்டினது?"

"குறைச்சு ஊட்டினா இன்னும் வேகமாக் கரையும். கூட்டி ஊட்டினா என்ன ஆகும்னு இன்னிக்குப் பார்த்தீங்க. சரியா ஊட்டினாலும் கரையும் சார். இந்த நாள்கள்ல உடம்பு நாம ஊட்டறதை மட்டும் நம்பி இருக்காது."

தேவசகாயம் நீட்டிய ட்ரேயிலிருந்து ஜமீலா புதிய துணியை எடுத்துக் காயத்தின்மேல் வைத்தார்.

"எஸ்தரம்மாவோட காயம் எப்படி இருந்தது?"

"தையலை நான்தான் பிரிச்சேன். சுத்தமா மூடியிருந்தது."

"நீங்க ஊட்டினது அங்கதான் போயிருக்கு."

தேவசகாயம் ட்ரேயைப் பிடித்தபடி நின்றார். கட்டு முடிந்த பிறகும் அப்படியே நின்றார். நர்ஸ் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ராமையாவை உட்காரவைத்தார்கள். அதற்கடுத்த நாள் நிற்கவைத்தார்கள்.

"காலே இல்லாத மாதிரி இருக்கு சார்" என்றார் ராமையா.

"என் தோளைப் பிடிங்க" என்றார் தேவசகாயம்.

ஜன்னல் வரை போய்த் திரும்பினார்கள். பிறகு வராந்தா வரை. வெளியே பனி இறங்கி எதிர்மலை தெரியாமல் கிடந்தது. சூடு தணிந்தது. சர்க்கரை தானாக இறங்கியது. இன்சுலினை நிறுத்தினார்கள். மூக்குக் குழாயையும் எடுத்தார்கள். ராமையா முதல் இட்லியைத் தன் கையாலேயே பிட்டுத் தின்றார்.

ஐந்தாவது வாரம் அவரை அனுப்பினார்கள். எடை பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தது. பார்க்க யாரும் கடைசிவரை வரவில்லை.

"டாக்டரம்மா, மூட்டை தூக்கலாமா?"

"இப்ப முடியாது. ஆறு மாசமாவது ஆகும்."

"காயந்தான் ஆறிப்போச்சே?"

"காயம் ஆறிடுச்சு. நீங்க இன்னும் ஆறலை. முட்டையும் பருப்பும் நிறைய சாப்பிடுங்க. தினம் நடங்க. வீட்டில யார் இருக்கா?"

"யாரு இருக்கா? நான்தான். ஒரு வேளை பொங்கி ரெண்டு வேளை தின்னுக்குவேன்."

எஸ்டேட் ஜீப் வந்தது. ராமையா மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். வளைவில் திரும்பும்வரை தேவசகாயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசத்துல பழைய உடம்பு வந்துடுமா டாக்டர்?"

"வந்துடும்" என்றார் ஜமீலா. "தனியாப் பொங்கித் தின்கிறவங்களுக்குக் கொஞ்சம் கூட நாளாகும்."

அவர் உள்ளே போகத் திரும்பினார். வாசற்படியில் நின்றார்.

"நீங்க தனியாப் பொங்கித் தின்ன ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு சார்?"

ராமையா பிடித்து நடந்த தன் தோளைத் தேவசகாயம் தடவிப் பார்த்தார்.