‘ம்’ கொட்டிய பூதம்

ஒரு மலையாம், மலைக்கு ஒரு அடிவாரமாம், அடிவாரத்திலே ஒரு ஊராம். அந்த ஊரிலே அங்காத்தா, அங்காத்தான்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருஷன் பேரு ராக்கியண்ணன். நல்ல மனுஷன்தான், ஆனா வாயைத் திறந்தா முத்து உதிர்ந்து போயிரும்னு மூடியே வச்சிருப்பாராம். களி வேணும்னா வட்டிலைத் தள்ளுவார், போதும்னா கையைக் குறுக்கே வைப்பார், அவ்வளவுதான் பேச்சு.

கல்யாணமாகி வருஷம் போகுது, வருஷம் வருது, வீட்டிலே ஒரு பிள்ளை இல்லை, ஒரு சத்தம் இல்லை. அங்காத்தா உக்காந்து ராகி திரிப்பா, திரிகைக்கல்லு கர்ர், கர்ர்னு சுத்தும். அந்த வீட்டிலே வாய்விட்டுப் பேசுற ஒரே ஆள் அந்தக் கல்லுதான்.

அங்காத்தாவுக்குச் சாமிகிட்டே பெருசாக் கேக்கத் தெரியாது. மலையடிவாரத்திலே ஏழு கன்னிமார் கோயில், ஏழு கல்லு நட்டு மஞ்சள் பூசி வச்சிருப்பாங்க. விடிகாலையிலே போய் ஏழு கல்லுக்கும் தண்ணி ஊத்திட்டு, கையைக் கூப்பிக்கிட்டு நிப்பாளாம். "தாயே, பொன்னு வேண்டாம், பட்டு வேண்டாம். என் வீட்டுக்கு ஒரு குரல் குடு, போதும்."

ஏழு பேரும் அதைக் கேட்டாங்க போல. ஒருத்தி குடுத்திருப்பாள்னு இன்னொருத்தி சும்மா இருந்திருக்கலாம்ல? இருக்கலையே. ஆளுக்கு ஒரு குரலாக் குடுத்துட்டாங்க! ஏழு குரலும் ஒரே தொண்டையிலே வந்து பிறந்துச்சு ஒரு பொண்ணு. தேவானைன்னு பேரு வச்சாங்க.

பொழுது விடியறதுக்கு முன்னாடி தேவானைக்கு வாய் விடிஞ்சிரும். "ஏம்மா, காக்காவுக்கு மூக்குக்கூடக் கறுப்பு? ஏம்மா, நிலா பகல்லே வெளுத்துப் போகுது? ஏம்மா, அப்பா பேசாத பேச்செல்லாம் அவர் வயித்துக்குள்ளே எந்தப் பக்கம் இருக்கு?" வாய்தான் அப்படின்னா காலும் அப்படியே. புளியமரத்து உச்சியிலே ஒரு நாள், கட்டைவண்டிக்கு அடியிலே ஒரு நாள், காலியாக் கிடந்த தானியக் குதிருக்குள்ளே ஒரு நாள். "அங்கே எதுக்கு அம்மிணி இறங்கினே?"ன்னு கேட்டா, "இருட்டு தனியா இருந்துச்சும்மா, பேச்சுத்துணைக்குப் போனேன்"ங்குமாம்.

சாயங்காலம் அங்காத்தா திரிகைக்கு முன்னாலே உக்காந்தா, தேவானை எதிரே வந்து சம்மணம் போட்டுக்கும். அன்னிக்குப் பாத்தது, கேட்டது, பாக்காதது, கேக்காதது எல்லாம் கதையா வரும். ஆனா ஒரு கட்டளை. ஒவ்வொரு பேச்சுக்கும் அம்மா 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா கதை அங்கேயே நின்னு போகும்.

"ம் சொல்லும்மா."

"கல்லு சொல்லுதே கண்ணு."

"கல்லு ம் வேண்டாம். உன் ம் வேணும்."

"ம்..."

அங்காத்தா ம் கொட்டிக்கிட்டே, மனசுக்குள்ளே அந்த ஏழு கல்லையும் ஒருதரம் கும்பிட்டுக்குவாளாம். நீங்களும் தூங்கிராதீங்க, ம் சொல்லுங்க. அப்பத்தான் நானும் சொல்லுவேன்.

ஊருக்கு இதெல்லாம் பொறுக்குமா? பக்கத்து வீட்டுக் கருப்பாயி வந்தா. "ஏ அங்காத்தா, என் கோழி அடையிலே உக்காந்திருக்கு. உம் மக அது காதுகிட்டே போய், 'உனக்கு எத்தனை பிள்ளை வேணும், எண்ணித்தான் வச்சிருக்கியா'ன்னு கேட்டு எழுப்பி விட்டுட்டா. அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போடு."

"கேட்டு வாங்கின குரல் அக்கா. பேசட்டும்"னு சொன்னா அங்காத்தா.

அப்புறம் கோயில் பூசாரி வந்தார். "அம்மா, நான் மணியடிக்கிறேன், உங்க பொண்ணு வந்து, 'ஏனுங்க பூசாரி, இப்படி அடிச்சா சாமிக்குக் காது வலிக்காதா'ங்குது. கூட்டமே சிரிக்குது. அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போடுங்க."

"கேட்டு வாங்கின குரலுங்க. பேசட்டும்."

அப்புறம் ஊர்த்தலைவரே வந்துட்டார். "இந்தா அங்காத்தா, மரத்தடியிலே நான் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கிறேன், அதுக்குள்ளே உம் மக தீர்ப்பைச் சொல்லிருது. சரியாச் சொல்லித் தொலைக்குது, அதுதான் எனக்கு வருத்தம். அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போடு."

"கேட்டு வாங்கின குரலுங்க சாமி. பேசட்டும்."

இப்படி இருக்கையிலே, அந்த மலையிலே ஒரு பூதம் இருந்துச்சாம். கல்லுளிப் பூதம்னு பேரு. உச்சி வெயில் நேரத்திலே சூறைக்காத்தாச் சுத்திக்கிட்டு ஊருக்குள்ளே வரும், ஆட்டைத் தூக்கும், அடுப்பிலே இருக்கிற சட்டியைத் தூக்கும், காயப்போட்ட கம்பைத் தூக்கும். தூக்கிட்டு நேரா மொட்டைப் பாறைக்குள்ளே போயிரும். பாறை மூடிக்கும். உள்ளே போனது எதுவும் வெளியே வந்ததில்லை.

அதுக்கு ஒரு சாபம் உண்டு. பாறைக்குள்ளே இருக்கும்போது மனுஷக் குரலுக்கு மூணு தடவை பதில் குடுத்துட்டா பாறை பிளந்துரும், பூதத்துக்கு உடம்பு போயிரும். ஊருக்கே இது தெரியும். அதனாலே ஒருதரம் எல்லாரும் போய்ப் பாறை முன்னாலே நின்னு வாய்க்கு வந்தபடி வஞ்சாங்க. பூதம் பேசலை. இன்னொருதரம் பொங்கல் வச்சு, ராசாவே, மந்திரியேன்னு புகழ்ந்தாங்க. பூதம் பேசலை. இன்னொருதரம் தப்பும் தவிலும் கொண்டுபோய்ப் பொழுதுக்கும் அடிச்சாங்க. அடிச்சவங்களுக்குக் கை வீங்குனதுதான் மிச்சம், பூதம் மூச்சுக்கூட விடலை.

ஒரு நாள் மத்தியானம் அங்காத்தா வயல்லே களை எடுத்துக்கிட்டு இருக்கா. வீட்டுப் பக்கம் சூறைக்காத்து வந்துச்சு, தேவானையோட மொச்சைங்கிற வெள்ளாட்டுக்குட்டியைச் சுருட்டித் தூக்குச்சு. வேற பிள்ளையா இருந்தா 'அம்மா'ன்னு அழும். தேவானை என்ன பண்ணுச்சு? "ஏய் காத்து, கேக்காம எடுக்கலாமா?"ன்னு குட்டியோட கயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கூடவே ஓடுச்சு. காத்து மலையேற, இதுவும் மலையேற, பாறை திறக்க, இதுவும் உள்ளே போக, பாறை மூடிக்கிச்சு.

அங்காத்தா வீட்டுக்கு வந்தா. வீடு பேசாம இருந்துச்சு.

அந்த அமைதியைக் கேட்டதுமே தேட ஆரம்பிச்சுட்டா. கூப்பிட்டுக்கிட்டே குதிருக்குள்ளே பாத்தா, புளியமரத்திலே பாத்தா, இல்லை. கருப்பாயிகிட்டே ஓடினா. "அக்கா, எம் புள்ளையைப் பாத்தீங்களா?"

"பாக்காம என்ன? காத்தைப் புடிக்கப் போறேன் பெரியம்மான்னு எங்கிட்டே சொல்லிட்டுத்தான் கோயில் பக்கம் ஓடுனா."

கோயிலுக்கு ஓடினா. பூசாரி சொன்னார், "ஓடுற ஓட்டத்திலேயும் நின்னு, 'திரும்பி வந்து மிச்சம் பேசுறேன்'னு கன்னிமார்கிட்டே சொல்லிட்டுப் போச்சும்மா, மேட்டுப் பக்கம்."

மேட்டுக்கு ஓடினா. ஊர்த்தலைவர் மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தார், முகம் வெளுத்திருக்கு. "அங்காத்தா... 'நானும் மொச்சையும் மலைக்குப் போறோம், அம்மாகிட்டே சொல்லிருங்க'ன்னு கத்திக்கிட்டே போச்சு. புடிக்க ஓடுனேன், பாறை மூடிருச்சு."

பாத்தீங்களா, பேசாத பிள்ளையா இருந்தா எந்தத் திசையிலே போய்த் தேடுறது?

ஊரே பாறைக்கு முன்னாலே கூடிருச்சு. அங்காத்தா பாறைமேலே காதை வச்சா. கிணத்துக்குள்ளே இருந்து வர்ற மாதிரி, சின்னதா, தெளிவா, அந்தக் குரல் கேட்டுச்சு.

"உன் பேரென்ன? உனக்கு அம்மா இருக்காளா? ஏன் பல்லு விளக்கலை? என் குட்டியைக் குடுக்கறியா, மாட்டியா?" பதில் இல்லை. "ஓ, நீயும் எங்க அப்பா மாதிரியா? சரி, அப்பக் கதை சொல்றேன், கேளு."

ராக்கியண்ணனுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. பிறந்ததிலே இருந்து சத்தம் போட்டுப் பேசாத மனுஷன் அன்னிக்குத்தான் 'தேவானை'ன்னு கத்த வாயைத் திறந்தார். அங்காத்தா பாய்ஞ்சு அவர் வாயைப் பொத்தினா. "சாமி, இன்னிக்கு மட்டும் பேசாம இருங்க"ன்னு காதோட சொன்னா.

உள்ளே கதை நடக்குது. "ஒரு எறும்பாம். எங்க அம்மா திரிகையிலே இருந்து விழுந்த ஒரு ராகிமணியை எடுத்துக்கிட்டு, கன்னிமாருக்குக் குடுக்கணும்னு கிளம்புச்சாம். வழியிலே ஆறு. ஒரு இலை மிதந்துச்சு, ஏறிக்கிச்சு. நடு ஆத்துக்குப் போனதும் பாத்தா, அது இலையே இல்லையாம்!" சொல்லிட்டுக் குரல் நின்னு போச்சு. "ம் சொல்லு."

அங்காத்தாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்துருச்சு அந்த ம். எத்தனை சாயங்காலம் கொட்டின ம்! இந்தப் பக்கம் இருந்து அவ ம்முன்னா பிள்ளை அதைக் கேட்டுட்டுக் கதையை ஓட்டிக்கிட்டுப் போயிரும், பூதம் கொட்ட வேண்டியிருக்காதே. முந்தானையைச் சுருட்டி வாயிலே வச்சுக் கடிச்சுக்கிட்டு, மனசுக்குள்ளே வேண்டிக்கிட்டா. "தாயே, நீங்க குடுத்த குரல். நான் வாயை மூடிக்கிறேன், நீங்க பாத்துக்குங்க."

"ம் சொன்னாத்தான் சொல்லுவேன். எனக்கென்ன, நான் மொச்சைகூட விளையாடப் போறேன்."

காக்கா கத்தலை, காத்து அடிக்கலை. அப்புறம் பாறைக்கு அடியிலே, மேகம் உறுமுற மாதிரி, "ம்."

பாறையிலே ஒரு விரல் கனத்துக்கு விரிசல்!

"இலை இல்லை, அது ஆமையோட முதுகு. ஆமை சொல்லுச்சு, 'ஏறினியே, கூலி குடு.' எறும்புகிட்டே ராகிமணியை விட்டா ஒண்ணுமில்லை. அதுவும் சாமிக்கு நேந்தது. என்ன பண்ணும் பாவம்? ம் சொல்லு."

இந்தத் தடவை அவ்வளவு நேரம் ஆகலை. "ம்ம்."

விரிசல் கை நுழையற அளவு ஆச்சு. கருப்பாயி அங்காத்தாவோட தோளைப் புடிச்சுக்கிட்டா.

"எறும்பு சொல்லுச்சு, 'ஆமையண்ணே, கூலிக்குப் பதிலா ஒரு பாட்டுப் பாடுறேன்.' பாட வாயைத் திறந்துச்சு. அப்பப் பாத்துக் கரையிலே இருந்த தவளை ஒண்ணு நாக்கை நீட்டுச்சு, நீட்டுச்சு, எறும்புகிட்டே வரைக்கும் வந்துருச்சு..."

பிள்ளை ம் சொல்லுன்னுகூடச் சொல்லலை. பூதத்துக்கே தாங்கலை. "ம்ம்ம்... அப்புறம்? அப்புறம் என்னாச்சு, சொல்லேன்!"

டமார்னு பாறை ரெண்டாப் பிளந்துச்சு. பூதத்தோட உடம்பு புகையாப் போயிருச்சு, அதோட குரல் மட்டும் மலையிலே மிஞ்சிச்சு. உள்ளே இருந்து ஊர் ஆடெல்லாம் மே மேன்னு வருது, சட்டி பானையெல்லாம் உருளுது, நடுவிலே குட்டியை இடுப்பிலே வச்சுக்கிட்டுத் தேவானை. "அட, எல்லாரும் வந்திருக்கீங்களா? அம்மா, அதுக்கு யாருமே கதை சொன்னதில்லை போல, பாவம்."

அங்காத்தா பிள்ளையை அள்ளிக்கிட்டு அழுதா, சிரிச்சா. ஊர்த்தலைவர் துண்டைத் தோள்லே இருந்து எடுத்துக் கக்கத்திலே வச்சுக்கிட்டார். கருப்பாயி சொன்னா, "பூட்டு கீட்டுன்னு சொன்னேனே, என் வாயிலே போடணும் பூட்டை." "கோழி என்ன சொல்லுச்சு பெரியம்மா, எத்தனை பிள்ளை?"ன்னு கேட்டுச்சாம் தேவானை.

இறங்கற வழியிலே ஏழு கன்னிமாருக்கும் தண்ணி ஊத்தினாங்க. அங்காத்தா அன்னிக்கு ஒண்ணுமே கேக்கலை. கையை மட்டும் கூப்பிக்கிட்டு நின்னா.

சாயங்காலம் திரிகைக்கு முன்னாலே உக்காந்தாங்க. தேவானை மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிச்சு. "நீ வெளியிலேதானே நின்னே? எனக்குக் கேக்கவே இல்லையே. ஏன் ம் சொல்லலை?"

"கடன் வச்சிருக்கேன் கண்ணு. இப்பக் குடுத்துடறேன்"னு அங்காத்தா கல்லைச் சுத்தாம நிறுத்திட்டுச் சொன்னா: "ம். ம். ம்."

அப்பச் செவுத்தோரம் இருந்து இன்னொரு ம் வந்துச்சு. திரும்பிப் பாத்தா, ராக்கியண்ணன்! "ம்... அந்தத் தவளை என்னாச்சு அம்மிணி?"ன்னார். ஒரு குரல் போதும்னு கேட்ட அங்காத்தா வீட்டிலே, அன்னிக்கு ரெண்டு குரலாச்சு.

ஆனா பதில் சொல்லத் தேவானை முழிச்சிருந்தாத்தானே? அம்மா மடியிலே தலையை வச்சதுதான், தூங்கிப் போச்சு. எறும்பு என்னாச்சோ, அது தேவானைக்குத்தான் வெளிச்சம். பூதம் இன்னிக்கும் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. மலைப்பக்கம் போய் நீங்க என்ன சொன்னாலும், மிச்சக் கதையோன்னு ஆசையா அதையே திருப்பிச் சொல்லிப் பாக்கும். ஊரான் பொருளை எடுத்து வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு, வாய் ஓயாமப் பதில் சொல்றதுதான் அதுக்குக் கூலி.

பிள்ளை பேசுனா ம் கொட்டுங்க. அது சாமி குடுத்த குரல்.

எறும்பு போச்சு ஆத்து மேலே, கதை போச்சு மலை மேலே, கண்ணு ரெண்டும் போகட்டும் பாய் மேலே.