அறுந்த கொடிப்பாலம்

காட்டாற்றின் தென்கரையில் தொந்தியப்பன் என்றொரு பெருச்சாளி இருந்தது. ஆற்றைக் கடக்க அங்கே ஒரே வழிதான். இரு கரை மரங்களையும் இணைத்துத் தொங்கிய ஒரு பழைய சீந்தில் கொடி. எலி, அணில், ஓணான் எல்லாம் அதில் ஏறித்தான் வடகரைக்குப் போய்வரும். கொடி நைந்து அறாமலிருக்க, கடக்கிறவர் யாரானாலும் ஓர் இளந்தண்டைப் பழைய கொடியோடு சுற்றிவிட்டுப் போக வேண்டும். அது அந்தக் கரையின் வழக்கம்.

தொந்தியப்பன் மட்டும் சுற்றவே சுற்றாது. குனிந்தால் வயிறு இடிக்குமாம்!

ஒருநாள் அணில் கேட்டேவிட்டது.

"அண்ணே, எல்லாரையும்விட கனம் நீங்கதான். நீங்களே சுத்தாமப் போனா எப்படி?"

பெருச்சாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"கைப்பிடி அளவு இருந்துகிட்டு எனக்கே சட்டம் சொல்றியா? வடகரையில கிழங்கு கொட்டிக் கிடக்கு. இனி செத்தாலும் இந்தக் கரையை மிதிக்க மாட்டேன்!"

சொன்னபடியே கடந்துபோனது. அதோடு விட்டதா? அணில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடியை நறுக்கென்று கடித்துத் துண்டாக்கியது. அறுந்த கொடி தண்ணீரோடு போனது.

"இப்ப சுத்துங்கடா!" என்று சிரித்தது. அதற்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

கிழங்கு கிடைத்தது நிஜம். பத்து நாள் வயிறு முட்டத் தின்றது. பதினோராம் நாள், கிழங்குப் புதருக்குள்ளிருந்து காட்டுப்பூனை ஒன்று எட்டிப் பார்த்தது.

பெருச்சாளி விழுந்தடித்து ஆற்றுக்கு ஓடியது. மலையில் மழை பெய்து வெள்ளம் கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. நீந்த வழியில்லை.

"ஐயோ, காப்பாத்துங்க! நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க!"

எதிர்க்கரையில் அணில் பதறி ஓடிவந்தது.

"அதை அன்னைக்கே மறந்தாச்சு அண்ணே! எப்படியும் வருவீங்கன்னு புதுக் கொடிகூட விட்டிருக்கோம்!"

தொந்தியப்பன் நிமிர்ந்து பார்த்தது. தென்கரைக் கிளையிலிருந்து ஒரு பச்சைத் தண்டு தண்ணீருக்கு மேலே நீண்டிருந்தது. ஒரு முழம்தான் இருக்கும். வடகரையை எட்ட அதற்கு இன்னும் இரண்டு மழைக்காலம் வேண்டும்.

காட்டுப்பூனை அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.

கோபத்தில் பேசிய பேச்சை ஊர் மன்னித்துவிடும், ஆனால் வந்த வழியைத் தானே அறுத்தவனுக்கு அந்த மன்னிப்பு கிடைத்தும் பயனில்லை.