சும்மா ஓடிய முள்ளம்பன்றி

கரும்பாறை ஏரிக்கரையில் வேலாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. கிழங்கு என்றால் அதற்கு உயிர். தின்பதும் தூங்குவதுமாகக் காலம் போனதில் உடம்பு உரல் மாதிரி ஆகிவிட்டது. சின்ன மேடு ஏறினாலே மூச்சு வாங்கியது. நின்று நின்றுதான் வளைக்குப் போய்ச் சேர முடிந்தது.

ஒரு விடியற்காலையில் வேலாயிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"இந்த உடம்பை நான் சுமக்கிறேனா, இல்லை இது என்னை இழுக்குதா? இன்னையிலிருந்து ஓடப் போறேன்!" என்று சொல்லிவிட்டு, ஏரியைச் சுற்றி ஓட ஆரம்பித்தது.

அங்கேதான் வந்தது வினை!

அந்தக் காட்டில் யாரும் காரணம் இல்லாமல் ஓடுவதில்லை. பிடிபடாமல் இருக்க ஓடுவார்கள், பிடிப்பதற்காக ஓடுவார்கள். ஒருவர் ஓடினால், என்ன ஏது என்று கேட்காமல் மற்றவரும் ஓடிவிட வேண்டும். அதுதான் வழக்கம். நின்று கேட்டவர்கள் எல்லாம் சிறுத்தையின் வயிற்றுக்குள் போய்விட்டார்கள்.

முட்கள் சலசலக்க வேலாயி ஓடி வந்ததும், புல்வெளியில் இருந்த மான்கள் சிதறின. மான்கள் ஓடுவதைப் பார்த்துச் சேற்றில் கிடந்த காட்டெருமைகள் எழுந்து ஓடின. காட்டெருமைகளே ஓடுகின்றனவே என்று முயல்கள் தலைதெறிக்க ஓடின. ஓடிய ஓட்டத்தில் பொன்னாத்தா என்ற மான் கல்லில் இடறிக் காலைச் சுளுக்கிக்கொண்டது.

அன்றைக்கே கூட்டம் கூடியது. தலைக்காட்டெருமை விசாரித்தது.

"உன்னை யார் துரத்தினா?"

"யாரும் துரத்தலைங்க."

"நீ யாரையாவது துரத்தினியா?"

"இல்லைங்க."

"பின்னே எதுக்கு ஓடுனே?"

"சும்மாதாங்க!"

கூட்டம் வாயைப் பிளந்தது. சொக்கன் என்ற கீரி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தக் காட்டில் அதைவிட வேகமாக ஓடக்கூடியவர் இல்லை. அந்தத் திமிர் அதற்கு நிறையவே இருந்தது.

"சும்மா ஓடுறதா! நானெல்லாம் பாம்பைப் பார்த்தாதான் காலைத் தூக்குவேன். இந்த உரலுக்கு எதுக்கு ஓட்டம்? உருட்டி விட்டாப் போதாதா?" என்றது.

வேலாயிக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அது பின்வாங்கவில்லை.

"ஐயா, இன்னைக்கு முழுச் சுற்று ஓடி முடிச்சு மருத மரத்தடியில விழுந்து கிடந்தேன். உடம்பெல்லாம் வலி. ஆனா மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு. இந்த ஏரியை நடுவுல உட்காராம ரெண்டு சுற்று ஓடிப் பார்க்கணும். அது ஒண்ணுதான் என் ஆசை. தடுத்துடாதீங்க!"

தலைக்காட்டெருமை நெடுநேரம் அசை போட்டது. பிறகு தீர்ப்புச் சொன்னது.

"சரி, ஓடு. ஆனா விடியற்காலையில மட்டும்தான். ஏரித் தண்ணி எப்பவும் உன் வலப்பக்கம் இருக்கணும். எங்களைத் தாண்டும்போது 'சும்மாதான்!'னு கத்திட்டுப் போகணும். இன்னொரு தடவை காட்டைக் கலைச்சே, அப்புறம் உனக்கு ஓட்டமே கிடையாது!"

வேலாயி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மருத மரத்தடியில் அதன் வளை. அங்கிருந்து கிளம்பினால் முதலில் மான்களின் புல்வெளி, அடுத்துக் காட்டெருமைகளின் சேறு, அதற்கப்பால் சொக்கன் குடியிருந்த பழைய புற்று, கடைசியாக மலையடி. மலையடி தாண்டினால் மறுபடியும் மருத மரம். ஏரியின் நடுவே மேடாக ஒரு மண் திட்டு. விடிந்தால் போதும், "சும்மாதான்! சும்மாதான்!" என்று குரல் கேட்கும், முட்கள் சலசலக்கும், தண்ணீர் வலப்பக்கம் இருக்கும்.

மழைக்காலத்தில் கரை வழுக்கியது. விழுந்து எழுந்து ஓடியது. பனிக்காலத்தில் வளையை விட்டு வெளியே தலை நீட்டவே மனம் வரவில்லை. "எந்திரி வேலாயி, எந்திரி!" என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு ஓடியது. உள்ளங்காலில் கருவேல முள் தைத்தபோது மட்டும் ஓடவில்லை. அன்றைக்கும் அதே வழியில் நொண்டி நொண்டி நடந்து, "இன்னைக்கு நடைதான்!" என்று சொல்லிக்கொண்டு போனது.

மெல்ல மெல்லக் காடு பழகிவிட்டது. மான்கள் தலை நிமிராமல் மேய்ந்தன. காட்டெருமைகள் காதை மட்டும் ஆட்டின. வேலாயியின் உடம்பும் இறுகியது. ஆனால் இரண்டாவது சுற்றுதான் கைகூடவில்லை. ஒவ்வொரு முறையும் புல்வெளி தாண்டுவதற்குள் கால் மடங்கி உட்கார்ந்துவிடும்.

சொக்கன் விடவில்லை. "தினமும் ஒரே பக்கமா சுத்துறியே, தலை சுத்தலையா? ஒரு நாள் அந்தப் பக்கமா ஓடேன். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேனே!" என்று சொல்லிவிட்டு வேலாயி போய்க்கொண்டே இருந்தது.

கோடை வந்தது. புல் காய்ந்து சருகானது. ஒரு நாள் விடியற்காலையில் வழக்கம்போல் எல்லோரையும் தாண்டி வேலாயி மலையடிக்கு வந்தது. மூச்சு வாங்கியது. எதிரே மருத மரம் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான், போய் விழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, மலை இடுக்கில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது.

தீ!

மலைக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. காற்று ஏரியிலிருந்து மலையை நோக்கி வீசியதால் புகை வாடை யாருக்கும் எட்டவில்லை. ஆனால் வெயில் ஏறினால் காற்று திரும்பும். திரும்பினால் தீ கரைக்கு இறங்கிவிடும்.

வேலாயி மருத மரத்தை ஒரு முறை பார்த்தது. கால்கள் கெஞ்சின. நான் கத்தினால் யார் நம்புவார்கள்? விளையாட்டு என்று நினைத்துவிட்டால்? காட்டைக் கலைத்தேன் என்று ஓட்டத்தையே பறித்துவிட்டால்?

"பறிச்சாப் பறிக்கட்டும்!" என்று சொல்லிக்கொண்டு அது சட்டென்று திரும்பியது. அன்றுதான் முதல்முறையாக ஏரித் தண்ணீர் அதன் இடப்பக்கம் வந்தது.

புற்று வாசலில் படுத்திருந்த சொக்கன் ஒரு கண்ணைத் திறந்தது. திறந்த கண் அப்படியே நின்றுவிட்டது.

"ஏய், என்ன இது! திரும்பி ஓடி வர்றே?"

"தீ! மலைக்கு அந்தப் பக்கம் தீ! சொக்கா, நீ வேகமா ஓடுவியே, நீ போய் எல்லார்கிட்டயும் சொல்லு! எனக்கு மூச்சு முட்டுது!"

சொக்கன் துள்ளி எழுந்தது. பிறகு தலையை ஆட்டியது. முதல்முறையாக அதன் குரலில் கேலி இல்லை.

"நான் ஓடுனா பாம்பைத் துரத்துறேன்னும், கத்துனா கேலி பண்றேன்னும் நினைச்சுட்டுப் படுத்துக்குவாங்க. நீ திரும்பி ஓடுனாத்தான் நம்புவாங்க. நானே நம்பிட்டேனே! நான் எங்க குட்டிகளைத் தூக்கறேன். நீ ஓடு வேலாயி, நிக்காதே!"

உரல் என்று சொன்ன வாயா இது என்று யோசிக்கக்கூட நேரம் இல்லை. வேலாயி ஓடியது. விலா வலித்தது. நாக்கு வறண்டது. இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று தன்னைத் தள்ளிக்கொண்டு ஓடியது.

சேற்றில் கிடந்த தலைக்காட்டெருமைக்கு முட்களின் சலசலப்புக் கேட்டது. காதை ஆட்டிவிட்டுப் படுக்கப் போனது. அப்புறம்தான் சத்தம் தப்பான திசையிலிருந்து வருவது உறைத்தது. "சும்மாதான்" என்ற குரலும் இல்லை!

"எல்லாரும் எந்திரிங்க! வேலாயி திரும்பி வருது! ஏதோ விபரீதம்!" என்று அது முழங்கியது.

"தீ! ஏரித் திட்டுக்குப் போங்க!" என்று கத்திக்கொண்டே வேலாயி தாண்டிப் போனது.

புல்வெளியில் பொன்னாத்தா, தண்ணீர் வேலாயியின் இடப்பக்கம் இருப்பதைக் கண்டதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு மற்ற மான்களோடு தண்ணீரில் இறங்கியது. முயல்களைக் காட்டெருமைகள் முதுகில் ஏற்றிக்கொண்டன. கீரிகள் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு நீந்தின.

மருத மரத்தடியில் இருந்த வளைகளிலும் குரல் கொடுத்துவிட்டுக் கடைசியாக வேலாயி தண்ணீரில் விழுந்தது. அது திட்டில் ஏறியதும் காற்று திரும்பியது. தீ மலையிறங்கி வந்து, சொக்கனின் புற்றைக் கருக்கி, புல்வெளியைத் தின்றது. தண்ணீரைத் தாண்ட முடியாமல் கரையிலேயே அணைந்தது. உயிர்ச்சேதம் ஒன்றுகூட இல்லை.

வேலாயி ஈரம் சொட்டச் சொட்டப் படுத்துக் கிடந்தது. பொன்னாத்தா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டது.

"வேலாயி, மருத மரத்துல கிளம்பி மலையடி வரைக்கும் ஓடுனே. அங்கேயிருந்து மறுபடியும் மருத மரம் வரைக்கும் ஓடியிருக்கே. நடுவுல எங்கேயாவது உட்கார்ந்தியா?"

வேலாயி யோசித்தது. கண்கள் விரிந்தன.

"உட்காரலை! ஐயோ, நான் உட்காரவே இல்லையே!"

குறைந்த கொஞ்ச தூரத்தையும் நீந்தியே கடந்தாயிற்று. ரெண்டு சுற்று! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அது முட்கள் எல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

மறுநாள் விடிந்தது. கரையெல்லாம் சாம்பல். "சும்மாதான்!" என்று பழைய குரல் கேட்டது. தண்ணீர் வலப்பக்கம் இருந்தது. கொஞ்சம் தள்ளிப் பின்னால் இன்னொரு குரலும் கேட்டது.

"நானும் சும்மாதான்! கொஞ்சம் மெதுவா ஓடு வேலாயி, இவ்வளவு தூரம் ஓடிப் பழக்கமில்லை, எனக்கு மூச்சு வாங்குது!" என்று கத்திக்கொண்டே சொக்கன் வந்துகொண்டிருந்தது.

நாள் தவறாமல் நாம் காப்பாற்றும் ஒழுங்குதான், ஆபத்து வரும் நாளில் நம் காலுக்கு வலுவாகவும் சொல்லுக்கு மதிப்பாகவும் நிற்கும்.